ஒரு சாய்வில் பல காட்சிகள்

நுழையும்முன்

ஒரு பொருளைப் பார்க்கப் பார்க்க அது சிதைந்துகொண்டே போகுமானால், அதனை எவ்வாறு ஆராய்வது? செல்லின் உள்ளமைப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காண முயல்வோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா இது. ஒருமுறை படமெடுத்த இடத்தை மறுமுறை எடுக்க இயலாது என்னும் நிலையில், படமெடுப்பதற்கு முன்னரே செய்யப்படும் திட்டமிடல்தான் ஆய்வின் வெற்றியை உறுதிசெய்கிறது. ஒரே சாய்வில் பல இடங்களைப் படமெடுக்கும் நுட்பத்தையும் அதன் ஆயத்தப் பணிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

நிழலும் உருவமும்

விளக்கொளியில் சுவருக்கு எதிரே ஒரு தேங்காயையும் ஒரு வட்டத் தட்டையும் பிடித்தால், இரண்டின் நிழலும் வட்டமாகவே விழக்கூடும். நிழலை மட்டும் கண்டவரால் எது தேங்காய், எது தட்டு எனக் கூற இயலாது. தட்டைச் சற்றே சாய்த்தால் அதன் நிழல் குறுகும். மேலும் சாய்த்தால் கோடாகிவிடும். தேங்காயின் நிழலோ எப்பக்கம் திருப்பினாலும் பெரிதும் மாறுவதில்லை. ஒரு நிழல் சொல்லாத உண்மையைப் பல கோணங்களில் விழும் நிழல்கள் சேர்ந்து சொல்லிவிடுகின்றன.

பல கோணத் தோற்றங்களிலிருந்து ஒரு பொருளின் உள்ளமைப்பை மீட்டெடுக்க முடியும் என்பதை 1917ஆம் ஆண்டில் கணித வழியில் நிறுவியவர் ஆஸ்திரியக் கணித அறிஞர் யோகான் ராடன். இன்று மருத்துவமனைகளில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனுக்கும் இக்கருத்தே அடிப்படையாகும். அக்கருவியின் உருவாக்கத்திற்காக ஹவுன்ஸ்ஃபீல்டு, கார்மாக் ஆகிய இருவருக்கும் 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தைப் பெறும் வழியை 1968இல் டேவிட் டிரோசியரும் ஆரன் குளூக்கும் காட்டினர். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் வால்பகுதியை அவர்கள் ஆராய்ந்தனர். அவ்வாலின் திருகு வடிவ ஒழுங்கினால், ஒரே படத்திலேயே பல கோணக் காட்சிகள் அடங்கியிருந்தன. அத்தகைய ஒழுங்கு இல்லாத பொருளாயின், அதனையே சிறிது சிறிதாகச் சாய்த்து, ஒவ்வொரு சாய்விலும் ஒரு படம் எடுக்க வேண்டும். பின்னர் அப்படங்களைக் கணினியில் இணைத்து முப்பரிமாண உருவத்தை ஆக்க வேண்டும். இதுவே எலக்ட்ரான் டோமோகிராபி. ‘டோமோ’ என்னும் கிரேக்கச் சொல்லடிக்குத் ‘துண்டு’ அல்லது ‘வெட்டு’ என்பது பொருள். பொருளை வெட்டாமலேயே அதன் உள் வெட்டுகளைக் காட்டுவதால் இப்பெயர் பெற்றது.

உறைந்த கணத்தைக் காணல்

ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 200 நானோமீட்டரைவிடச் சிறிய நுணுக்கங்களைப் பொதுவாகப் பிரித்துக் காட்ட இயலாது. ஒளியின் அலைநீளமே அதற்குக் காரணம். செல்லுக்குள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் விட்டம் 20 முதல் 30 நானோமீட்டர்தான். 300 கிலோவோல்ட் மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் அலைநீளமோ 0.002 நானோமீட்டர் அளவினது. ஆகவே, ஒளிக்கு மாற்றாக எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் நுண்ணோக்கி தேவைப்பட்டது. 1931இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் அதன் முதல் வடிவத்தை உருவாக்கினர். அதில் கண்ணாடி வில்லைகளின் பணியை மின்காந்தச் சுருள்கள் செய்தன.

எலக்ட்ரான் கற்றை வெற்றிடத்தில் மட்டுமே தடையின்றிச் செல்லும். உயிர்ப்பொருளிலோ நீரே மிகுதி. நீர்நிறைந்த செல்லை வெற்றிடத்தில் வைத்தால் நீர் ஆவியாகி, அமைப்பு சுருங்கிச் சிதைந்துவிடும். மெதுவாக உறைய வைத்தாலோ பனிப்படிகங்கள் தோன்றி உள்ளுறுப்புகளைக் கிழித்துவிடும். இச்சிக்கலுக்கு 1980களின் தொடக்கத்தில் ஜாக் டுபோஷே குழுவினர் தீர்வு கண்டனர். திரவ ஈத்தேனில் மாதிரியை மின்னல் வேகத்தில் அமிழ்த்தினால், படிகமாவதற்கு நேரமின்றி நீர் கண்ணாடி போன்ற திண்மநிலையை அடைகிறது. அதனைத் திரவ நைட்ரஜனின் துணையுடன் மிகு குளிர்நிலையில் பாதுகாத்தால், செல் இயங்கிக்கொண்டிருந்த அந்தக் கணம் அப்படியே நிலைபெறுகிறது. உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியியலை வளர்த்தமைக்காக டுபோஷே, யோவாகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் ஆகியோர் 2017இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

செல்லின் தடிமன் பொதுவாகப் பல மைக்ரோமீட்டர் ஆகும். எலக்ட்ரான் கற்றை ஊடுருவித் தெளிவான படம் தர வேண்டுமானால், மாதிரி ஏறத்தாழ 200 நானோமீட்டர் அல்லது அதனினும் மெலிதாக இருத்தல் வேண்டும். எனவே, உறைந்த செல்லின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் காலியம் அயனிக் கற்றையால் செதுக்கி நீக்குகின்றனர். இடையில் எஞ்சுவது ஒரு மென்தகடு மட்டுமே. பல நாள் உழைப்பின் பயனாய்க் கிடைக்கும் அத்தகட்டின் அகலம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர்.

அளந்து செலவிடப்படும் எலக்ட்ரான்கள்

படத்தைத் தரும் எலக்ட்ரான்களே மாதிரியையும் சிதைக்கின்றன. அவை மோதும்போது மூலக்கூறுகளின் பிணைப்புகள் அறுபடுகின்றன. நுண்ணிய விவரங்கள் முதலில் மறைகின்றன. பின்னர்ப் பெரிய அமைப்புகளும் குலைகின்றன. ஆகவே, ஓர் இடம் தாங்கக்கூடிய எலக்ட்ரான்களின் மொத்த அளவு ஒரு சிறு சேமிப்பைப் போன்றது. செலவிட்டது திரும்பாது.

வழக்கமான முறையில் எதிர்ப்புறம் 60 பாகை முதல் நேர்ப்புறம் 60 பாகை வரை, 3 பாகைக்கு ஒன்றாக 41 படங்கள் எடுக்கப்படுகின்றன. ஒரு படத்திற்குச் சதுர ஆங்ஸ்ட்ராம் ஒன்றுக்கு 3 எலக்ட்ரான்கள் என வைத்துக்கொண்டால், மொத்தச் செலவு 123 எலக்ட்ரான்கள். இச்செலவை எந்த வரிசையில் செய்வது என்பதும் முதன்மையானது. 2017இல் விம் ஹேகன் குழுவினர் ஒரு வரிசைமுறையை வெளியிட்டனர். அதன்படி சாய்வற்ற நிலையில் தொடங்கி, நேர்ப்புறம், எதிர்ப்புறம் என இருபுறமும் மாறி மாறிச் சாய்வைக் கூட்டிச் செல்ல வேண்டும். மாதிரி சிதையாதிருக்கும் தொடக்க நேரம், தெளிவு மிகுந்த குறைந்த சாய்வுப் படங்களுக்கு இதனால் கிடைக்கிறது.

60 பாகைக்கு மேல் சாய்ப்பது ஏன் அரிது? அச்சாய்வில் கற்றை கடக்க வேண்டிய தடிமன் இருமடங்காகிவிடுகிறது. அதற்கு மேல் படம் மங்கும். மாதிரியைத் தாங்கும் சட்டமும் கற்றையை மறைக்கும். எடுக்கப்படாத கோணங்களின் தகவல் இல்லாமையால், முப்பரிமாண உருவம் கற்றையின் திசையில் சற்றே நீண்டு தோன்றும். இக்குறையை அறிந்தே ஆய்வாளர் தம் முடிவுகளைக் கூறுவர்.

ஓரிடத்தில் படமெடுத்தல்

ஒரு படத்தில் அடங்கும் பரப்பின் அகலம் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர். மாதிரியைத் தாங்கும் மேடை சாயும்போது, எத்துணைத் துல்லியமாகச் செய்யப்பட்டிருப்பினும், அது சிறிது விலகவே செய்யும். அரை மைக்ரோமீட்டர் விலகினாலும் பாதிக் காட்சி கைநழுவிவிடும். ஆகவே ஒவ்வொரு சாய்வுக்குப் பின்னரும் மேடையின் அதிர்வு அடங்கக் காத்திருக்க வேண்டும். அருகிலுள்ள வேறோர் இடத்தைப் படமெடுத்து விலகலை அளக்க வேண்டும். குவியத்தைச் சரிபார்க்க வேண்டும். அதன்பின் உரிய இடத்தைப் படமெடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மாஸ்ட்ரோனார்டே, முந்தைய சாய்வுகளில் நேர்ந்த விலகல்களைக் கொண்டு அடுத்த விலகலை முன்கணிக்கும் முறையை 2005இல் வெளியிட்டார். அவர் உருவாக்கிய சீரியல்இஎம் என்னும் மென்பொருள் இன்றும் பல நாடுகளின் ஆய்வகங்களில் பயன்பட்டு வருகிறது. இம்முறையால் பணி விரைவுபெற்றது. ஆயினும் ஓரிடம் முடிந்த பின்னரே அடுத்த இடம் என்னும் நிலை தொடர்ந்தது. விலகலை அளக்கப் பயன்படும் அண்டை இடங்கள் எலக்ட்ரான்கள் பட்டுப் பாழாகும் இழப்பும் இருந்தது. மென்தகட்டின் சிறிய பரப்பில் இஃது எளிய இழப்பன்று.

பல இடங்களில் ஒருங்கே படமெடுத்தல்

மேடையை அசைக்காமலேயே வேறோர் இடத்தைப் படமெடுக்க ஒரு வழி உண்டு. எலக்ட்ரான் கற்றையின் பாதையை மின்காந்தச் சுருள்களால் சற்றே திருப்பினால், மாதிரியின் வேறோர் இடத்தில் கற்றை விழும். அங்கு உருவாகும் படத்தையும் கேமராவின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்துவிடலாம். மேடையை நகர்த்துவதைவிட இது விரைவானது, அதிர்வும் ஏற்படுவதில்லை.

இவ்வசதியைச் சாய்வுப் படத்தொடர்களுக்குப் பயன்படுத்தும் முறையை டியூக் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வுக்குழு 2021இல் வெளியிட்டது. 2023இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஃபேபியன் ஐசென்ஸ்டைன் குழுவினர் ‘பேஸ்டோமோ’ என்னும் முறையை வெளியிட்டனர். இதில் மேடை ஒருமுறை சாய்ந்ததும், தேர்ந்தெடுக்கப்பட்ட எல்லா இடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் படமெடுக்கப்படுகின்றன. அதன்பின்னரே மேடை அடுத்த கோணத்திற்குச் சாய்கிறது.

இதன் பயனைச் சிறு கணக்கால் உணரலாம். 20 இடங்களைத் தனித்தனியே படமெடுத்தால் மேடை 820 கோண நிலைகளில் நின்று அமைதியடைய வேண்டும். ஒருங்கே எடுத்தால் 41 நிலைகளே போதும். படங்களின் எண்ணிக்கை இரண்டிலும் 820தான். குறைவது காத்திருக்கும் நேரமும் வீணாகும் பரப்புமே. பேஸ்டோமோ முறையில் ஓரிடத்தின் படத்தொடருக்கு 5 நிமிடத்திற்கும் குறைவான நேரமே தேவைப்பட்டது என அக்குழுவினர் காட்டியுள்ளனர்.

சாய்வின் கணக்கு

பூங்காவில் சிறுவர் ஆடும் சீசாப் பலகையை நினைத்துப் பார்க்கலாம். நடு அச்சின்மேல் அமர்ந்தவர் உயர்வதுமில்லை, தாழ்வதுமில்லை. அச்சிலிருந்து எத்துணைத் தொலைவில் ஒருவர் அமர்கிறாரோ, அத்துணை மிகுதியாக அவர் மேலும் கீழும் செல்வார். சாயும் மாதிரியிலும் இதுவே நிகழ்கிறது.

சாய்வு அச்சிலிருந்து செங்குத்துத் திசையில் 4 மைக்ரோமீட்டர் தொலைவில் ஓரிடம் உள்ளது எனக் கொள்வோம். மாதிரி 60 பாகை சாயும்போது, மேலிருந்து நோக்கினால் அவ்விடம் அச்சுக்கு 2 மைக்ரோமீட்டர் தொலைவில் தோன்றும். இது தொலைவைக் கோசைன் மதிப்பால் பெருக்கக் கிடைப்பது. அதே வேளையில் அதன் உயரம் ஏறத்தாழ 3.46 மைக்ரோமீட்டர் மாறியிருக்கும். இது சைன் மதிப்பால் பெருக்கக் கிடைப்பது. பதினோராம் வகுப்பு முக்கோணவியலே இங்குக் கருவியை வழிநடத்துகிறது.

உறைந்த மாதிரிகளில் மாறுபாடு புலப்பட, சரியான குவியத்திலிருந்து சில மைக்ரோமீட்டர் விலக்கியே படமெடுப்பது வழக்கம். உயர மாற்றமும் அதே அளவினதாக இருப்பதால், அதனைக் கருதாது விட்டால் ஒருபுறத்துப் படங்கள் மிகையாக மங்கும். மறுபுறத்துப் படங்களில் மாறுபாடு குன்றும். எனவே ஒவ்வோர் இடத்திற்கும் ஒவ்வொரு கோணத்திலும் கற்றையின் இடத்தையும் குவியத்தையும் கணினி முன்கூட்டியே கணக்கிட்டுத் திருத்துகிறது. எஞ்சும் சிறு பிழை அந்தந்த இடத்தின் படங்களிலிருந்தே அளக்கப்பட்டு, அடுத்த சாய்வின் கணிப்பில் சேர்க்கப்படுகிறது. இதனால் விலகலை அளப்பதற்கென ஒவ்வோர் இடத்திற்கும் தனிப்பரப்பைச் செலவிட வேண்டியதில்லை.

ஆயத்தப் பணிகள்

முதலாவதாக, குறைந்த உருப்பெருக்கத்தில் மாதிரி முழுவதையும் படமெடுத்து ஒரு வரைபடம் ஆக்க வேண்டும். அவ்வாறு எடுக்கும்போது எலக்ட்ரான்களின் செலவு மிகக் குறைவு. பனித்துகள் படிந்த பகுதிகள், விரிசல்கள், தடித்த பகுதிகள் ஆகியவற்றை இதிலேயே விலக்கிவிடலாம்.

இரண்டாவதாக, மாதிரியின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். மாதிரி சாய்வு அச்சின் மட்டத்தில் இருந்தால்தான், சாயும்போது பக்கவாட்டில் குறைவாக விலகும்.

மூன்றாவதாக, மென்தகட்டின் தொடக்கச் சாய்வை அளக்க வேண்டும். அயனிக் கற்றை சாய்வாகச் செதுக்குவதால், மென்தகடு அதனைத் தாங்கும் வலைத்தட்டுக்கு ஏறத்தாழ 10 பாகை சாய்ந்தே அமைகிறது. தகட்டின் பல புள்ளிகளில் குவிய அளவைக் கண்டறிந்து இச்சாய்வைக் கணக்கிடலாம். அளவு சரியாக இருந்து, திசைக்குறி மட்டும் மாறிவிட்டாலும், திருத்தம் எதிர்த்திசையில் சென்று பிழையைப் பெருக்கிவிடும். ஒரு கூட்டல் குறியை விழிப்புடன் சரிபார்ப்பதில் பல நாள் உழைப்பின் பயன் அடங்கியுள்ளது.

நான்காவதாக, இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1.5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கற்றை, 60 பாகை சாய்ந்த மாதிரியின்மேல் அச்சுக்குச் செங்குத்தாக 3 மைக்ரோமீட்டர் நீளத்திற்குப் படரும். ஆகவே அச்சின் போக்கில் இடங்களை நெருக்கமாக வைக்கலாம். அதற்குச் செங்குத்தான திசையில் இருமடங்கு இடைவெளி விட வேண்டும். இல்லையேல் ஓரிடத்திற்கான எலக்ட்ரான்கள் அடுத்த இடத்தையும் சிதைத்துவிடும்.

ஐந்தாவதாக, வழிகாட்டும் இடம் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். ஒவ்வொரு சாய்விலும் முதலில் படமெடுக்கப்படுவது அவ்விடமே. அங்கு அளக்கப்படும் விலகலே மற்ற இடங்களுக்கும் அடிப்படை. அது தவறினால் எல்லாப் படத்தொடர்களும் தவறும். எனவே, எக்கோணத்திலும் மறைக்கப்படாததும் எளிதில் அடையாளம் காணத்தக்கதுமான இடமே அதற்கு ஏற்றது.

இறுதியாக, கற்றையை மையத்திலிருந்து விலக்குவதால் தோன்றும் ஒளியியல் பிழைகளுக்கு முன்னதாகவே திருத்தம் அமைக்க வேண்டும். கோணங்களின் வரிசையையும் எலக்ட்ரான்களின் மொத்த அளவையும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்த பின்னரே தொடங்க ஆணையிட வேண்டும். அதன்பின் கருவி தானே இயங்கும்.

தெரிந்து தெளிவோம்

கொரோனா வைரஸின் மேற்பரப்பிலுள்ள கூர்ப்புரதத்தை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2020இல் உறைகுளிர் டோமோகிராபி வாயிலாக ஆராய்ந்தனர். அப்புரதத்தின் தண்டுப்பகுதி விறைப்பானதன்று. மூன்று இடங்களில் மடங்கக்கூடியது எனக் கண்டனர். அம்மூன்று மூட்டுகளுக்கும் அவர்கள் இட்ட பெயர்கள்: இடுப்பு, முழங்கால், கணுக்கால்.

பார்வையும் பொறுப்பும்

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். செல்லிலிருந்து பிரித்தெடுத்துப் படிகமாக்கிய ரைபோசோம்களை எக்ஸ்-கதிர்களால் ஆராய்ந்து அடைந்த வெற்றி அது. உறைகுளிர் டோமோகிராபி அடுத்த வினாவை எழுப்புகிறது: அதே ரைபோசோம் செல்லுக்குள், தன் சுற்றத்துடன், பணிபுரியும் நிலையில் எவ்வாறு காணப்படுகிறது? இதற்கு விடை காண ஓரிரு படத்தொடர்கள் போதா. ஒரே வகை மூலக்கூறின் ஆயிரக்கணக்கான தோற்றங்களைத் திரட்டி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி காண வேண்டும். அரிய நிலைகளில் உள்ளவை மிகச் சிலவே கிடைக்கும். ஒரு மென்தகட்டிலிருந்து இரண்டு இடங்களைப் படமெடுப்பதற்கும் இருபது இடங்களைப் படமெடுப்பதற்கும் உள்ள வேறுபாடு, அந்த அரிய நிலையைக் காண்பதற்கும் காணாதிருப்பதற்கும் உள்ள வேறுபாடாகவும் அமையலாம்.

விரைவு மட்டுமே இந்நுட்பத்தின் நோக்கமன்று. மீண்டும் கிடைக்காத ஒன்றை வீணாக்காமல் பயன்படுத்துவதே இதன் உயிர்நாடி. தொடங்க ஆணையிட்ட பின்னர் ஆய்வாளர் செய்யக்கூடியது சிறிதே. அதற்கு முன்னர்ச் செய்ய வேண்டியதோ மிகுதி. அளந்து, கணக்கிட்டு, சரிபார்த்து, அதன்பின் செயல்படும் பழக்கம் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மட்டும் உரியதன்று. எல்லா அறிவியல் பணிக்கும் உரியது.

கற்பவை கற்றபின்

1. விளக்கொளியில் ஒரு தட்டு, ஒரு பந்து, ஒரு குவளை ஆகியவற்றைப் பல கோணங்களில் பிடித்து, அவற்றின் நிழல்களை வரைந்து ஒப்பிடுக. எத்தனை நிழல்களைக் கண்டபின் பொருளை உறுதியாகக் கூற முடிகிறது?

2. சாய்வு அச்சிலிருந்து 6 மைக்ரோமீட்டர் தொலைவிலுள்ள ஓரிடம், மாதிரி 30 பாகையும் 60 பாகையும் சாயும்போது அடையும் பக்கவாட்டுத் தொலைவையும் உயர மாற்றத்தையும் கணக்கிடுக.

3. ‘மீண்டும் செய்ய இயலாத பணிகளில் முன்திட்டமிடலின் பங்கு’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.